பக்கத்துக் கோப்பைத் தீன்

கல்லடியில் தச்சுவேலை செய்யும் ரொபினுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பாட்டின் நடுவில் எழும்பிப் போய்க் கோழிக்கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு வரும் மனுசன். கொஞ்சத் தீனில் நிறைய இறைச்சி வைக்கிற ஒரு கோழியினத்தைத் தன் வளவுக்குள்ளேயே உண்டாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். தீன் விற்கிற விலைக்கு அது ஒன்றும் பொல்லாத பைத்தியமில்லைதான்.

இதற்காகவே சேவல்களைத் தனித்தனிக் கம்பிக்கூட்டில் விட்டார். போட்ட தீன், மிஞ்சிய தீன், சேவலின் நிறை எல்லாம் தராசில் ஏறும். இந்த முறை சிவலைச் சேவல் அவரை மயக்கிவிட்டது. கோப்பையில் பாதித் தீன் மிஞ்சும்; உடம்போ மளமளவென்று ஏறும். பக்கத்துக் கூட்டு வெள்ளையனும் ஏறக்குறைய அதே வளர்த்திதான், ஆனால் கோப்பை எப்போதும் துடைத்த மாதிரிக் கிடக்கும். சிவலை விதைச்சேவல், பெருந்தின்னி வெள்ளையன் கறிக்கு என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகள் எறிக்கா கொழும்பிலிருந்து வருகிறாள், நல்ல சாட்டு.

அன்று காலை பழக்கதோசத்தில் வெள்ளையனுக்கும் தீன் போட்டுவிட்டுத்தான் அறுத்தார். பூசையிலும் நெளிந்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து அடுப்படிக்கும் கூட்டுக்கும் நடையாய் நடந்தார். மனைவி ஜிலியனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்தக் குத்தியில இருந்து வெங்காயம் உரிங்க. முடியுமட்டும் எழும்பக்கூடா, சொல்லிப்போட்டன்."

"ஓம், ஓம், இரிக்கன்."

கூட்டுக்குப் பின்னால் கிடந்த மரக்குத்தியில் ரொபின் அசையாமல் உட்கார்ந்தார்; வாழ்நாளில் முதல் தடவை என்றே சொல்லலாம். ஆள் அரவம் அடங்கியது. சிவலை தன் கோப்பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கம்பி இடுக்கால் கழுத்தை நீட்டி, வெள்ளையனின் கோப்பையில் கிடந்த தீனை ஆற அமரக் கொத்தித் தின்றது.

ரொபினின் கை நின்றது. அந்த இடுக்கு அவரே அடித்த கம்பியில்தான் இருந்தது. ஆள் வரும் சத்தம் கேட்டால் எந்தச் சேவல்தான் கழுத்தை இழுத்துக்கொள்ளாது? இவரோ நிமிசத்துக்கொரு தரம் தடதடவென்று வந்து நின்றவர். அப்படியானால் வெள்ளையன், களவு போனது போக மிஞ்சியதைத் தின்றா அவ்வளவு வளர்ந்தது? இத்தனை காலமும் தேடித் திரிந்த சேவல் அதுதான்.

அடுப்படியிலிருந்து ஜிலியன் கூப்பிட்டாள்.

"என்ன இறைச்சி இது! ஒரு சட்டிக்குள்ள அடங்குதில்ல. வந்து பெரிய சட்டிய எடுத்துத் தாங்க!"

வெங்காயம் உரித்து முடிந்திருந்தது. ரொபின் எழும்பவில்லை.