அரைநாள் அம்பலம்

அருந்ததி கேலிப்படம் கீறத் தொடங்கியது கோபத்தில்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவள் தட்டெழுத்தாளர். மனேஜர் பதியுதீன் எதற்கெடுத்தாலும் சுற்றறிக்கை விடுவார். மின்விசிறியை எத்தனை மணிக்குப் போடலாம் என்று ஒன்று, கழிவறைத் திறப்பு யாரிடம் இருக்கவேண்டும் என்று இன்னொன்று. எல்லாவற்றையும் மூன்று பிரதி அடிப்பவள் அவள். 1996 ஜனவரியில் கோட்டையில் குண்டு வெடித்து நகரம் நடுங்கிக் கிடந்த கிழமை, 'வெடிச்சத்தம் கேட்டால் ஊழியர்கள் பதவி வரிசைப்படி மேசைக்குக் கீழே போகவேண்டும்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை அடித்து முடித்த கையோடு, பழுதான தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டுப் படம் கீறினாள்.

கம்பெனியின் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பலீலா பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளே அதைக் கொண்டுபோய் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் கொடுத்தாள். 'மேசைக்குக் கீழே' என்ற தலைப்பில், யார் கீறியது என்ற பெயர் இல்லாமல், ஞாயிறுதோறும் அது வரத் தொடங்கியது. சுற்றறிக்கைச் சுந்தரம் என்ற மனேஜர். போனைக் கீழே வைக்காத லைன் லில்லி. பதியுதீனும் படித்தார். வேறு ஏதோ கம்பெனி என்று நினைத்து, சுந்தரத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

வாசகர்களுக்கு எல்லாரையும்விடப் பிடித்தது அரைநாள் அம்பலத்தைத்தான். அக்குளில் குடை, வயிற்றில் கை, முகத்தில் உலக நோவெல்லாம். புதன்கிழமை மத்தியானம் ஆனால் அரைநாள் லீவு கேட்டு மனேஜரின் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். அவனுக்கு அசல், அவள் கம்பெனியில் வேலைசெய்த நாகேந்திரம். ஐம்பத்தாறு வயதுக் கிளார்க், யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், யாரோடும் அதிகம் கதைக்காதவர். மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு புதனும் அவருக்கு வயிற்றுக்குத்து, இல்லாவிட்டால் தலைச்சுற்று.

அரைநாள் எடுத்து அந்த மனிதர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க அருந்ததிக்கு ஆசை வந்தது. படத்துக்கு நல்ல விஷயம் கிடைக்கும். படுத்துத் தூங்குகிறாரோ, படம் பார்க்கப் போகிறாரோ. ஜூனில் ஒரு புதன் தானும் அரைநாள் போட்டு, அவர் ஏறிய பஸ்ஸிலேயே பின்னால் ஏறினாள்.

ஹெவ்லொக் டவுன் பக்கத்தில் இறங்கினார். புதன் மத்தியானங்களில் காணாமற்போனவர்களின் விவரம் பதியும் அலுவலகம் ஒன்றின் மதிலோரம், வெயிலில், முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அநேகம் பெண்கள். எல்லார் கையிலும் ஒரு புகைப்படம். நாகேந்திரம் கடைசியில் போய் நின்று, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு படத்தை எடுத்தார். திரும்ப வழியில்லாமல் அருந்ததி அங்கேயே நின்றாள். அவர் கண்டுவிட்டார்.

"பிள்ளை, நீர் ஏன் இஞ்ச? உம்மட ஆரையும் பிடிச்சவங்களோ?"

அவள் தலையாட்டினாள், இல்லை என்று. அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்ர மகன். கொட்டாஞ்சேனை லொட்ஜில வச்சு வான் ஒண்டில ஏத்திக்கொண்டு போனவங்கள். ஆர் எண்டு தெரியாது. ஒஃபீசில வாய் திறக்கேலாது பிள்ளை. தெரிஞ்சா என்னையும் ஒரு மாதிரிப் பாப்பினம். அறைக்காரனும் அறையை விட்டு எழும்பச் சொல்லிப்போடுவான்."

"அண்ணை, அந்தப் பேப்பரில வாற படம்... நான்தான் கீறுறனான்."

"தெரியும். குடையைக் கண்ட உடன தெரியும்."

"இனிக் கீறமாட்டன். சத்தியமா."

நாகேந்திரம் வரிசையில் ஓர் அடி முன்னே நகர்ந்தார்.

"நிப்பாட்டிப் போடாதையும். முந்தி மனேஜர் டொக்டரிட்ட மருந்துத் துண்டு வாங்கிக்கொண்டா எண்டு நிண்டவர். இப்ப அம்பலம் வந்திட்டான் எண்டு சிரிச்சுக்கொண்டு சைன் பண்ணுறார். அவர் சிரிக்குமட்டும் நான் இஞ்ச வரலாம்."

அதற்குப் பிறகு அருந்ததி பதினொரு மாதம் கீறினாள். வெள்ளவத்தை வீட்டில் சனிக்கிழமை விடிந்தால் வெறுந்தாளின் முன்னால் உட்காருவாள். ஒவ்வொரு கிழமையும் அம்பலத்துக்குப் புதுச்சாட்டு வேண்டும். பல்வலி, மச்சாளின் கலியாணம், பூனைக்குக் காய்ச்சல். ஞாயிறு படத்தில் வந்த சாட்டையே புதனன்று நாகேந்திரம் கொண்டுபோவார். "என்ன நாகேந்திரம், பூனைக்கி இன்னும் சொகமில்லயா?" என்று பதியுதீன் கையெழுத்துப் போடுவார். மற்றவர்கள் அவரை நேரிலேயே அம்பலம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஒருநாள் யாரோ அவர் கதிரையில் தலையணை வைத்தார்கள். அவரும் சிரித்தார். அருந்ததி எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் அவருக்கு வேலையும் போகும், வரிசையும் போகும். பத்திரிகை ஆசிரியரோ, அம்பலத்துக்கே கடிதங்கள் குவிகின்றன, இன்னும் கூட்டிக் கீறுங்கள் என்றார்.

மறு வருஷம் மே மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், நாகேந்திரம் மதிலோரத்து அலுவலகம் அனுப்பிய ஒரு கடிதத்தோடு அவள் மேசைக்கு வந்தார். சிங்களத்தில் இருந்தது. அவருக்கு அது வாசிக்கத் தெரியாது.

அவள் குரலைத் தாழ்த்தி வாசித்துச் சொன்னாள். அந்தப் பெயருடைய எவரும் எங்கும் கைது செய்யப்படவில்லை. ஒரே ஒரு வசனம்.

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"பின்பக்கம் பாரும்."

திருப்பிப் பார்த்தாள். வெறுந்தாள்.

அந்தப் புதன் அவர் லீவு கேட்கவில்லை. மூன்று மணிக்குப் பதியுதீனே அவருடைய மேசைக்கு வந்தார். "என்ன, இந்தக் கெழம ஒண்டும் நோகல்லயா?"

"இல்லை சேர். சுகமா இருக்கிறன்."

அருந்ததி அன்றே பத்திரிகைக்கு போன் எடுத்து இனிக் கீறமாட்டேன் என்றாள். ஆசிரியர் கெஞ்சினார், பிறகு கோபித்தார். அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டி வந்தது.

நாகேந்திரம் இளைப்பாறியது 1998இல். பிரியாவிடையில் பதியுதீன் புதன்கிழமைகளைப் பற்றிப் பகிடியாகப் பேசினார், எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் புதன், நாகேந்திரம் மறுபடி மதிலோரத்துக்குப் போனார். அருந்ததி அவருக்காகச் சிங்களத்தில் புதிதாக ஒரு மனு எழுதினாள். வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்ற, முகத்துவாரத்திலிருந்து வந்த தாய் ஒருத்தி தனக்கும் எழுதித் தரச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. மாதம் ஐந்தாறு மனு அவள் கையால் போயிற்று. வந்த பதில்கள் எல்லாவற்றிலும் அதே வசனம்தான் இருந்தது. அதையும் அவளே வாசித்துச் சொன்னாள்.