ஆறாவது குழி

பேயி, பிசாசுன்னு யாராச்சும் என்கிட்ட வந்து ஆரம்பிச்சா, போய் வேற வேலை இருந்தா பாருய்யான்னு வெரட்டி வுடுற ஆளு சார் நானு. அன்னிக்கும் அப்பிடித்தான், இன்னிக்கும் அப்பிடித்தான். முனி அடிச்சுருச்சுன்னு எவனாவது காய்ச்சல்ல கெடந்தா, மொதல்ல அவன் என்ன குடிச்சான்னுதான் கேப்பேன். நீங்க ரோடு அளக்க வந்தவரு, படிச்சவரு, இதக் கேட்டுட்டு கெழவனுக்கு மூளை கொழம்பிப் போச்சுன்னு உள்ளுக்குள்ள சிரிப்பீங்க. சிரிங்க, எனக்கொண்ணும் கொறஞ்சிராது. மேலாப்புல ஒரே வரிசையா ஆறு மேடு இருக்குதே என்னதுன்னு நீங்களா கேட்டீங்க, அதனாலதான் சொல்றேன்.

அப்ப வெள்ளக்காரன் சண்டை நடந்துட்டிருந்துச்சு. சப்பான்காரன் பர்மாவப் புடிச்சுட்டான், மெட்ராசுல குண்டு போடப் போறான்னு கம்பைநல்லூரு சந்தைக்குப் போயிட்டு வர்றவங்க கதை கதையா கொண்டாருவாங்க. இந்தச் சித்தேரி மலையில எங்களுக்கு என்ன சண்டை சொல்லுங்க, சாமை வெளஞ்சுச்சா, பன்னி மிச்சம் வெச்சுச்சா, அதான் எங்க சண்டை. எம் பொண்டாட்டி வெள்ளச்சி அப்ப நெறமாசம். மொதக் கொழந்தை வயித்துலயே போயிருச்சு. அதனால இந்தத் தடவ நானு அவள ஒரு தண்ணிக்கொடம்கூட தூக்க வுடல, எங்க அக்காளே என்னை பொண்டாட்டிதாசன்னு கிண்டல் பண்ணும்.

ஐப்பசி மாசம். எங்க மலையில மஞ்சு எறங்கிருச்சுன்னா கையில கயிறு இருக்கும், கயித்துக்கு அந்தப் பக்கம் மாடு தெரியாது, அப்பிடி மூடிரும். அன்னிக்கும் மூடிக் கெடந்துச்சு, பட்டப்பகல்தான், திடீர்னு தலைக்கு மேல ஒரு சத்தம். ஏரோப்ளேன் சத்தம் எங்களுக்குப் புதுசில்ல, ஆனா அதெல்லாம் எங்கியோ ஒசரத்துல போவும். இது கூரையப் பிச்சுட்டுப் போற மாதிரி போச்சு. போயிட்டுத் திரும்பி வந்துச்சு. மறுபடியும் திரும்புச்சு. வழி தெரியாம சுத்துறான்டான்னு எங்க ஊர்க்கவுண்டரு சொல்லி வாய் மூடல, கெழக்கால மலையே இடிஞ்சு வுழுந்தாப்புல ஒரு சத்தம், அப்பறம் ஒண்ணுமே இல்ல. ஆடு மாடுகூட கத்தல.

நாங்க போயிப் பாத்தப்ப எரிஞ்சு அடங்கியிருந்துச்சு. அது குண்டு போடுற ஏரோப்ளேனாம், பின்னாடிதான் சொன்னாங்க. மரம் மரமா தகரம் தொங்குச்சு. மிச்சத்தச் சொன்னா இன்னிக்கு நீங்க சோறு திங்க மாட்டீங்க, வுடுங்க.

அரூருக்கு ஆள் போயித் தகவல் சொல்லி, மறுநாளே பட்டாளம் வந்துருச்சு. ஒரு வெள்ளக்காரத் தொரை, ஒரு டாக்டரு, சிப்பாயிங்க கொஞ்சப் பேரு, அதுல ஒருத்தரு சேலத்துக்காரரு, அவருதான் எங்களுக்கும் தொரைக்கும் நடுவுல பேசுனவரு. ஒடம்புங்க இருந்த இருப்புக்கு மலையெறக்கிக் கொண்டு போவ முடியாது, இங்கியே பொதைச்சுரலாம், ஏரோப்ளேன்ல ஆறு பேரு, ஆறு குழி வெட்டுங்கன்னு தொரை உத்தரவு போட்டாரு.

இங்கதாங்க வந்துச்சு வெனை. எங்க மலையில ஒரு மொறை உண்டு. ஒடம்பக் கண்ணால பாக்காம குழி வெட்ட மாட்டோம். சாகக் கெடக்குறாரு, எப்பிடியும் காலையில போயிருவாருன்னு தெரிஞ்சாலும் மம்பட்டிய எடுக்க மாட்டோம். வெட்டுன குழி வெறுமனே வாயத் தொறந்துட்டு கெடந்துச்சுன்னா, வெட்டுனவன் வூட்டப் பாக்கும்னு பேச்சு. அப்ப அஞ்சு ஒடம்புதான் கெடைச்சிருந்துச்சு. ஊர்க்கவுண்டரு தொரைகிட்ட கையக் கட்டிக்கிட்டு, அஞ்சு வெட்டுறோம் சாமி, ஆறாவது ஆளு கெடைக்கட்டும், கெடைச்ச நிமிசம் வெட்டுறோம்னு சொல்லிப் பாத்தாரு. தொரைக்கு அது ஏறல. ஆளு எங்க போயிருவான், இங்கதான் கெடப்பான், வெட்டுன்னாரு. ஆளுக்கொரு குழின்னு வரிசையா நின்னோம், கடைசியில நின்னது நானு. எனக்கு அதுல ஒரு பயமும் இல்ல, மண்ணு என்ன வாய் வெச்சுட்டா இருக்குதுன்னு கடப்பாரையப் போட்டேன்.

அஞ்சு பேரையும் பொதைச்சாங்க. ஆறாவது குழி அப்பிடியே கெடந்துச்சு. பொழுது எறங்க நானு வூட்டுக்கு வந்தா, வெள்ளச்சிக்கு வலி எடுத்திருந்துச்சு.

நாளு இன்னும் இருந்துச்சுங்க அவளுக்கு. மருத்துவச்சி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, கொழந்தை குறுக்கால கெடக்குது, திரும்ப மாட்டேங்குதுன்னு சொன்னா. தூளி கட்டி அரூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்னா, அந்த மஞ்சுல எவன் கால வெப்பான், நாலு பேரும் அவளோட சேந்து பள்ளத்துலதான் போவணும். பட்டாளத்து டாக்டரக் கூப்புடலாம்னு அன்னிக்கு எங்க யாருக்கும் தோணல, அவரு பொணம் பாக்க வந்தவருன்னுதான் நெனப்பு. ராவெல்லாம் அவ கத்துனதக் கேட்டுட்டு வெளிய ஒக்காந்திருந்தேன். விடியற நேரத்துல அந்தக் கத்தலும் நின்னு போயி வெறும் மொனகலா ஆச்சு. கத்துனப்பகூட தாங்குனேன், மொனகுனப்ப எந்திரிச்சு வாசல்ல போயி நின்னுட்டேன்.

எங்க அக்கா வெளிய வந்துச்சு. "ஏன்டா, நீ வெட்டுன குழி இன்னும் தொறந்தா கெடக்குது?"ன்னுச்சு. "வாயில என்ன வெச்சிருக்குற, கேக்குறேன்ல? போடா. ஒரு சேவலையாவது அறுத்துப் போட்டு மூடிட்டு வாடா. அவ போயிட்டா அப்பறம் நீ மண்ண அள்ளி யாருக்குப் போடுவ?"

நம்பிக்கைன்னு சொல்ல மாட்டேன் சார். பொண்டாட்டி உள்ள கெடக்கறப்ப நம்பிக்கையாவது மண்ணாவது. சேவலத் தூக்கிட்டு ஓடுனேன். மேட்டுக்குப் பக்கத்துலயே பட்டாளத்துக் கூடாரம். சேலத்துச் சிப்பாயி வழிமறிச்சுட்டாரு. நல்ல மனுசன்தான், காலுல வுழுந்து கேட்டேன். "எனக்குப் புரியுதுங்க, எங்கூர்லயும் இதெல்லாம் உண்டு. ஆனா அவங்க சமாதியில நீங்க ரத்தம் சிந்துனா என் தோலை உரிச்சுருவாங்க. ஆளு கெடைக்கணும், இல்ல தொரை சொல்லணும்"னாரு. தொரை ஆளுங்களோட தேடப் போயிருந்தாரு.

சரி, ஆளுதானே வேணும், நானே தேடுறேன்னு சேவல அங்கியே வுட்டுட்டு எறங்குனேன். அவங்க ஏரோப்ளேன் வுழுந்த எடத்தச் சுத்திச் சுத்தித் தேடுனாங்க. எனக்கு என்னமோ கீழ, ஓடைப் பக்கம் போவணும்னு தோணுச்சு. ஏன்னு கேக்காதீங்க, தெரியாது. மஞ்சு பால் மாதிரி நின்னுச்சு, காலால தடவித் தடவித்தான் எறங்குனேன். வாயில சாமி பேரெல்லாம் வந்துச்சு, எனக்கு அத்தனை சாமி தெரியும்னே எனக்குத் தெரியாது.

ஒரு பாறை. அது மேல ஒரு ஆளு ஒக்காந்திருந்தாரு.

வெள்ளக்காரன். சின்ன வயசு, மீசைகூட சரியா மொளைக்கல. தோலுச் சட்டை, பெரிய பூட்சு. பின்னாடி முள்ளுல வெள்ளத் துணி ஒண்ணு பெருசா கிழிஞ்சு கெடந்துச்சு, மேலருந்து குதிக்கறப்ப கட்டிக்குவாங்களே அது. முழங்கால்ல கைய வெச்சுக்கிட்டு, பஸ்ஸுக்குக் காத்துட்டிருக்கற மாதிரி ஒக்காந்திருந்தாரு. என்னையப் பாத்தாரு. உசுரோட இருந்தாரு சார். கண்ணு சிமிட்டுச்சு.

ஒரு மனுசன் உசுரோட கெடைச்சா என்ன தோணணும்? அடடா, பொழைச்சுக்கிட்டானேன்னு தோணணும். எனக்கு, சத்தியமா சொல்றேன், நெஞ்சு இடிஞ்சு போச்சு. ஐயோ, இவன் உசுரோட இருக்கானே, அப்ப குழி வெறுங்குழிதானேன்னுதான் வந்துச்சு. அப்பிடியே நின்னேன். அவரு என்னையே பாத்துட்டிருந்தாரு, சின்னப் பையன் பாக்குற மாதிரி. அந்த மூஞ்சியப் பாத்துட்டு என்ன பண்ணுறது? ஆத்தா பெத்த புள்ளதானே அதுவும். வாங்கன்னு கையக் காட்டுனேன். எந்திரிச்சாரு.

நானு முன்னாடி, அவரு பின்னாடி. தூக்கி வுடலாம்னு ஒருக்கா கையை நீட்டுனேன், வேணாம்னு தலையாட்டுனாரு. ஏத்தம்னா ஏத்தம், எங்களுக்கே மூச்சு வாங்கும். பூட்சு கல்லுல படுற சத்தம் எனக்குப் பின்னாலயே வந்துச்சு. ஆனா மூச்சு வாங்குற சத்தம் கேக்கல. அது அப்ப எனக்கு ஒறைக்கலிங்க. எனக்கு எம் பொண்டாட்டி நெனப்பு.

கூடாரத்துக்குப் போற வழி அந்த மேடுங்கள ஒட்டித்தான் போவுது. அங்க வந்ததும் பூட்சு சத்தம் நின்னுச்சு. திரும்பிப் பாத்தேன். மூடுன அஞ்சையும் ஒண்ணொண்ணா பாத்தாரு. அப்பறம் தொறந்து கெடந்த எங்குழியோரம் போயி நின்னாரு. உள்ள எட்டிப் பாத்தாரு. நிமிந்து என்னையப் பாத்து அவரு பாஷையில என்னமோ கேட்டாரு. சின்னதா, ரெண்டு மூணு வார்த்தைதான் இருக்கும்.

எனக்கு இங்கிலீசு தெரியுமா சார்? தொரைமாருங்க எது கேட்டாலும் நாங்க ஆமாங்கன்னுதான் சொல்லிப் பழக்கம். ஆமாங்கன்னேன். சொல்லிட்டு, ஆள் கெடைச்சுட்டாருன்னு கத்திக்கிட்டே கூடாரத்துக்கு ஓடுனேன்.

சேலத்துச் சிப்பாயியும் டாக்டரும் எங்கூட ஓடியாந்தாங்க. குழியோரத்துல ஆள் இல்ல. உள்ள பாத்தா, மல்லாக்கப் படுத்திருந்தாரு. டாக்டரு உள்ள எறங்கி, தொட்டுப் பாத்து, பொரட்டிப் பாத்து, மேல ஏறி வந்து சிப்பாயிகிட்ட என்னமோ சொன்னாரு. சிப்பாயி என்னைத் திரும்பிப் பாத்தாரு. "முதுகெலும்பு முறிஞ்சு போயிருக்குதாம். வுழுந்த அன்னிக்கே செத்துட்டாராம். எப்பிடிய்யா இந்தாள ஒண்டியா தூக்கிட்டு வந்த?"ன்னாரு.

நடந்து வந்தாருங்கன்னேன். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கல போலருக்குன்னு எங்கையப் புடிச்சு ஒக்கார வெச்சுட்டாரு. தொரை வந்ததும் என் கையக் குலுக்குனாரு, முதுகுல தட்டுனாரு. நானு அவரச் சொமந்துக்கிட்டு அந்த ஏத்தம் ஏறி வந்தேன்னு எல்லாருக்கும் முடிவாயிப் போச்சு, எங்க ஊர்லயும் இன்னிக்கு வரைக்கும் அப்பிடித்தான் பேச்சு. அந்தப் பாறையக் காட்டச் சொல்லி என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. கிழிஞ்ச துணி அங்கியே கெடந்துச்சு. ரெண்டு சிப்பாயிங்க அந்தத் துணிய மட்டும் சுருட்டித் தூக்கிட்டு ஏறுறதுக்கே வழியில எத்தன தடவ ஒக்காந்தாங்கன்னு நெனைக்கிறீங்க? நானு ஒரு ஆறடி ஆளத் தூக்கிட்டு ஏறுனேனாம்!

மூடி முடிச்சதும் வூட்டுக்கு ஓடுனேன். அக்கா வாசல்ல நின்னுச்சு, கையில துணிச் சுருட்டல். நானு வாயத் தொறக்கல, அதுக்கு முன்னாடியே, "மூடிட்டாங்களா?"ன்னுச்சு. வெள்ளச்சி பொழைச்சுக்கிட்டா. கொழந்தை தானாத் திரும்புச்சுன்னு மருத்துவச்சி சொன்னா, கையே வெக்கலையாம். பொண்ணு. இப்ப கடத்தூருல இருக்குறா, பேரன் பேத்தி எடுத்துட்டா, என் மேல எகிறி எகிறிச் சண்டைக்கு வருவா, அவ்வளவு தெம்பு.

எம் மருமவன் வாத்தியாரு, இங்கிலீசு நல்லா தெரியும். இவங்க என் கூட்டாளிங்களான்னு கேட்டிருப்பாரு மாமா, வேற என்ன கேட்டிருப்பாரு, அப்பிடின்னு என்னைச் சமாதானப்படுத்துவாரு. அந்தச் சத்தத்தச் சொல்லிக் காட்டுங்கன்னு கேப்பாரு. காதுல இருக்குது, வாயில வர மாட்டேங்குது.

ஆனா கேட்ட தோரணை எனக்கு நல்லா தெரியும் சார். அதுல பயமில்ல, வலியில்ல. வூட்டுக்கு வந்த விருந்தாளி, இங்க ஒக்காரட்டுங்களான்னு கேப்பாங்க பாருங்க, அப்பிடித்தான் கேட்டாரு. டாக்டரு சொன்னது நெசமா இருந்துச்சுன்னா எனக்கு ஒரு பயமும் இல்ல, செத்தவரு என்ன வேணா கேட்டுட்டுப் போறாரு. அன்னிக்கு டாக்டரு சொன்னது தப்பா இருந்து, அந்தப் பையன் உசுரோடதான் நின்னு என்கிட்ட கேட்டிருந்தாருன்னா? எம் மவ சிரிச்சுப் பேசுறப்பல்லாம் எனக்கு அந்த நெனப்பு வந்துருது. எதக் கேட்டாரு, எதுக்கு நானு ஆமாங்கன்னேன்?