குடில் வானத்துக்குப் பின்னால் ஒரு கோட்டை

எங்கள் ஆர்.எஸ்.புரத்து வீட்டில் டிசம்பர் பிறந்தால் டிவிக்கு விடுமுறை. கிறிஸ்துமஸ் குடில் வைக்க ஹாலில் டிவி மேஜையை விட்டால் வேறு இடமில்லை என்பது மாமனாரின் முடிவு. பிரவுன் பேப்பரைக் கசக்கி அவர் எழுப்பும் மலைக்குப் பின்னால் டிவி மறைந்துபோகும். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த பிறகுதான் வெளியே வரும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் வாயைத் திறந்ததில்லை.

போன வருடம் திறந்தேன். மாமியாரும் நானும் ஒரு நாள் விடாமல் பார்த்துவந்த சரித்திரத் தொடரில், சொந்தச் சித்தப்பனிடம் கோட்டையைப் பறிகொடுத்த ராணி ஊர் ஊராக ஒளிந்து திரிந்து, ஒருவழியாகப் படை திரட்டிவிட்டாள். கோட்டையை மீட்கப்போவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே என்றார் கணவர். கண்ணாடி போட்டும் வாசிக்கத் தடுமாறும் அத்தைக்கு உள்ளங்கை அகலத்தில் யானைப்படையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனாரிடம் நேராகவே கேட்டேன்.

"என்ன அம்மணி பேசறே? நாடகம் பெருசா, கொழந்தை ஏசு பெருசா?"

"ஏனுங்க மாமா, அவரு இருபத்திநாலாந்தேதி ராத்திரிதானுங்களே குடிலுக்கு வாராரு? அதுக்குள்ள ராணி கோட்டையப் புடிச்சுப்போடுவாங்க."

அத்தை சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் சிரிக்கவில்லை. "குடில் அதே எடத்துலதான் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

அதே இடம்தானே? இருக்கட்டும். அவர் திரும்புவதற்குள் அத்தையும் நானும் மலையைக் கட்டி முடித்துவிட்டோம். டிவியின் இரண்டு பக்கமும் மலை, முன்னால் வைக்கோல் போட்டு மாடும் இடையர்களும். டிவியின் மேல் ஒரு நீலத்துணியைத் தொங்கவிட்டு, வெள்ளித்தாளில் நட்சத்திரம் வெட்டி ஒட்டினோம். பகலெல்லாம் அது பெத்லகேம் வானம். தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் மேலே தூக்கிவிட்டால் போதும்.

மாமனார் வந்து குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "வானம் நல்லாத்தான் இருக்குது" என்றார் வேண்டாவெறுப்பாக.

அந்த வாரம் பலகார வேலையை ஹாலுக்கே கொண்டுவந்தோம். முதல் நாள் மாமனார் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முள்கரண்டியில் கலகலா மாவைச் சுருட்டினார். அடுத்த நாள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தார். அதற்கும் அடுத்த நாள், "ஆரு அந்த மீசைக்காரன்?" என்றார். ராணியின் சித்தப்பன் என்று அத்தை சொன்னதும், "இவனையெல்லாம் ஊட்டுக்குள்ள உட்டதே தப்பு" என்று கையிலிருந்த மாவை நசுக்கினார்.

கடைசி நாள் வானத்தைத் தூக்கியதே அவர்தான்.

யானைகள் கோட்டைக் கதவை முட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் டிரம் சத்தம் கேட்டது. பங்குக் கோயிலிலிருந்து வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழு வந்துவிட்டது. கேரல் வந்தால் கை வேலையைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வாசலில் போய் நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். அதில் தாட்சண்யமே கிடையாது. ரிமோட்டோ மாமனார் கையில். அவ்வளவு பாடுபட்டும் ராணி வெளியிலேயே நிற்கப்போகிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எழுந்தார். ரிமோட்டை அத்தை மடியில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"எல்லாரும் உள்ள வந்து உக்காருங்க. ராணி கதவ ஒடைக்கறா. ஒடைச்சதும் பாடிக்கலாம்."

கேரல் குழு திபுதிபுவென்று உள்ளே வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிவிட்டு, "நல்லவேளைங்க, இன்னைக்குப் பாக்க முடியாமப் போயிருமோன்னு நெனைச்சனுங்க" என்று முன்வரிசையில் இடம் பிடித்தார். கதவு பெயர்ந்து விழுந்தது. ராணி யானை மேல் உள்ளே நுழைந்தாள். டிரம்காரர் தன்னை மறந்து ஓங்கி அடித்தார். அத்தை கலகலாவை எல்லோர் கையிலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். ஜெயித்தது நானேதான் என்று இருந்தது எனக்கு. பிறகு வானத்தை இறக்கிவிட்டு, அத்தனை பேரும் தொண்டை கிழியப் பாடினோம்.

கேட் வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த மாமனார், குடில் முன்னால் நின்று மலையை அளப்பதுபோலப் பார்த்தார்.

"அடுத்த வருசம் மலையக் கொஞ்சம் தள்ளிக் கட்டோணும் அம்மணி. யானை பாதி மறைஞ்சுபோச்சு."