டெஸ்மண்டின் கைகள் மட்டும்

பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கெல்சென்கிர்ச்சன் வீட்டு அறையொன்றில் நான் அடைபட்டுக் கிடந்தேன். பெரியபிள்ளை ஆகிவிட்டேனாம். குமட்டலை மறக்க எனக்கிருந்த ஒரே வழி, மேல்மாடியில் டெஸ்மண்ட் மெதுவாக வாசித்த ஸ்டீல்பான்.

அம்மா அதை "பரல்" என்பார்; எண்ணெய்ப் பரலின், அதாவது பீப்பாயின், அடியைத் தட்டிக் குழித்துச் செய்த வாத்தியம் என்பதால் அது பிழையுமில்லை. ட்ரினிடாட்டிலிருந்து இளைஞனாக ஓர் இசைக்குழுவோடு ஜெர்மனிக்கு வந்தவர் டெஸ்மண்ட். குழு உடைந்தது, அவர் இங்கேயே தங்கினார். வாரநாட்களில் சாமான் கிடங்கில் வேலை, வாரக்கடைசியில் கடைத் திறப்புகளிலும் பியர் கூடாரங்களிலும் கிளிப்படச் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக வாசிப்பு. போன இடமெல்லாம் அதே கடற்கரைப் பாட்டுகளைத்தான் கேட்டார்கள். தானே இயற்றியவற்றை வீட்டில் மட்டும், அயலவர் முறைப்பாடு செய்யாதபடி, வாசித்தார்.

பெரியபிள்ளை ஆனதைக் கொண்டாடும் என் சாமத்திய வீட்டுக்கு அவர்தான் வாசிக்கவேண்டும், அதுவும் சொந்த மெட்டைத்தான் வாசிக்கவேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். டெஸ்மண்டுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! எனக்கென்றே ஒன்றை இயற்றினார். வீடியோ எடுப்பார்கள் என்று அறிந்ததும் ஒரு பிரதி கேட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் இசையைத் தானே மேடையில் வாசிப்பதை ட்ரினிடாட்டிலுள்ள தன் அக்காவுக்குக் காட்டவேண்டுமாம்.

மண்டபத்துக்கு அழுத்தித் தேய்த்த கோட்டோடு வந்தார். அப்பாவின் தமையனான பெரியப்பா அவரைக் கண்டதும் "காப்பிலி" என்றார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. டெஸ்மண்டைவிடப் பெரியப்பா ஒரு பிடி கூடக் கறுப்பு; அதை மறைக்கத்தான் பவுடரை அப்பியிருந்தார். மேடையில் இருந்த எனக்குக் கேட்கும்படியே வீடியோக்காரரிடம், "தம்பி, வீடியோ ஊருக்கும் போகும். உந்த ஆளின்ரை முகம் விழக்கூடாது, கையை மட்டும் எடுங்கோ" என்றார். "ஓம் அண்ணை" என்றார் அப்பா.

டிவிடி வந்த நாளில் டெஸ்மண்ட் எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு கைகள் ஓடின. ஒலித்ததோ ஒரு சினிமாப் பாட்டு. வீடியோக்காரர் வழக்கம்போல விழா முழுவதற்கும் பாட்டு ஏற்றிவிட்டார். எங்கள் கொண்டாட்ட வீடியோக்களில் உண்மையான சத்தத்தை யாரும் விட்டுவைப்பதில்லை.

"பாட்டுப் போட்டாத்தானே வீடியோ வடிவு" என்றார் அம்மா, பலகாரத் தட்டை நீட்டியபடி.

டெஸ்மண்ட் முடியும்வரை பார்த்தார். "இவை என் கைகள்தானே?" என்று ஜெர்மன் மொழியில் என்னிடம் கேட்டார். பிரதியை வாங்காமலே எழுந்து போனார். வீடியோக்காரருக்குப் போன் செய்து மூலநாடாவைக் கேட்டேன். அதன்மேல் யாருடையதோ கலியாணத்தை எடுத்துவிட்டாராம்.

டெஸ்மண்ட் இறந்து சில வருடங்களாகின்றன. பரல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த மெட்டின் தொடக்கம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மிச்சம் யாரிடமும் இல்லை. அம்மா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் இப்போதும் அந்த டிவிடி ஓடும். போன மாதம், கைகள் வந்த இடத்தில், சகிக்க முடியாமல் ஒலியை நிறுத்தினேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனி? வடிவான பாட்டெல்லோ!"