திருப்தியில்லை என்ற ஆவுடைத்தாய்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற இடத்தில் சற்று நின்றால் போதும், திருவனந்தபுரத்துச் செய்திகள் பத்திரிகைக்குப் போகும் முன்பே காதில் வந்து விழும். எழுபத்தெட்டாம் வருஷத்து மழையில் அங்கே ஒதுங்கி நின்றபோதுதான் கேட்டேன்: நாகேஸ்வரனின் அப்பா பட்டினியாகத் திரும்பிப் போய்விட்டாராம்.

அந்த அப்பா காலமாகி வெகுநாளாகிறது. ஆகையால் எங்கிருந்து எங்கே திரும்பினார் என்று தேங்காய்க் கடை பிச்சையாவிடம் விசாரித்தேன்.

"சதனத்துல ஒரு கெழவி இருக்கா வே. நாகேஸ்வரன் சாமி தன் அப்பா பேருல அங்க சோறு போட்டாரு. திருப்தியான்னு கேட்டா, இல்லேன்னுட்டா. பிரதமன் பாயாசம் ஊத்தி ஊத்திக் கேட்டாச்சு. இல்லையாம். மந்திரவாதம் தெரிஞ்ச பொம்பளை. அவளுக்கு எலை போட்டா நம்ம வம்சம் வெளங்காது."

"நீர் போட்டதுண்டா?"

"நான் எதுக்குப் போடணும்? எங்கப்பா உசுரோடல்லா இருக்காரு."

சதனம் என்பது கோட்டைக்குப் பின்புறம் நடக்கும் முதியோர் இல்லம். நல்ல காரியம் செய்கிற எல்லா இடங்களையும் போல அதற்கும் ஒரு நீளமான பெயர் உண்டு. அது இங்கே வேண்டாம். வதந்தியைப் பார்த்துவிடுவது என்று முதலில் நாகேஸ்வரன் வீட்டுக்குப் போனேன். கோட்டைக்குள் தெருவில் பென்ஷனும் பஞ்சாங்கமுமாக வாழ்கிறவர். ஊஞ்சலில் இருந்தார், ஆனால் ஆடவில்லை.

"திதியெல்லாம் ஆத்துல சாஸ்திரோக்தமா ஆயிடுத்து ஓய். மறுநாள் சதனத்துல அன்னதானம். அடைப் பிரதமன், நாலு கறி, பப்படம், ஒண்ணும் குறைவில்லை. முடிஞ்சதும் எல்லாரையும் திருப்தியான்னு கேட்டேன். கேக்கணுமோல்லியோ? அவா வாயால அந்த வார்த்தை வந்தாத்தானே அப்பாவுக்குப் போய்ச் சேரும்? கடைசி எலைக்காரி, இல்லேங்கறா."

"என்ன குறை என்று கேட்டீரா?"

"இன்னும் பிரதமன் போடுன்னேன். போட்டா. மறுபடி கேட்டேன். இல்லேங்கறா. இன்னும் போட்டா. எலையிலேர்ந்து வழிஞ்சு தரையில ஓடறது, அப்பவும் இல்லேங்கறா. அதுக்கு மேல மனுஷன் என்ன பண்ணுவான்?"

பிரதமனைத் தவிர வேறொன்று ஒருத்திக்கு வேண்டியிருக்கலாம் என்று அந்தப் பந்தியில் யாருக்கும் தோன்றவில்லை. நாலு கறி போட்ட பிறகு அப்படித் தோன்றுவதும் கஷ்டம்தான்.

சதனத்துக்குள் அன்னதானம் செய்கிறவர்களுக்கே அனுமதி. நானும் ஒரு விருந்துக்கு நாள் குறிக்க வந்தவனாகப் போனேன். யார் நினைவாக என்று செயலாளர் அனந்தபத்மநாபன் கேட்டார். என் மாமனார் பெயரைச் சொன்னேன். அவர் நாகர்கோவிலில் அன்று காலையும் சௌக்கியமாகவே இருந்தார். செயலாளர் மிகவும் வருத்தப்பட்டார்.

சதனத்தின் ஏற்பாடு எளிமையானது. ஊரில் யாருக்காவது திதியோ பிறந்தநாளோ வந்தால் அன்று விருந்து. வராத நாளில் கஞ்சி, அதிலும் தண்ணீர்தான் தாராளம். பெரிய மனிதர்கள் மழைக்காலத்தில் செத்திருந்தால் கிழவிகள் மழைக்காலத்தில் சாப்பிடுவார்கள். கும்பத்திலும் மீனத்திலும், அதாவது மாசி பங்குனியில், இந்த ஊர்க்காரர்கள் அதிகம் சாவதில்லை போலும். அந்த மாதங்களில்தான் சதனத்தில் சாவு. விருந்து நாளில் காலைக் கஞ்சி கிடையாது. பசியோடு உட்கார்ந்தால்தான் சாப்பிடுவது பார்க்க நன்றாயிருக்கும் என்பது செயலாளரின் அனுபவம். கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் "திருப்தி" என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். சரியாகச் சொல்லாதவர்களுக்கு அடுத்த பந்தியில் இலை இல்லை.

எனக்கு இடத்தைச் சுற்றிக்காட்டிய மேற்பார்வைக்காரி சாவித்ரி, செயலாளருக்குக் காப்பி கொடுக்கப் போன இடைவெளியில்தான் ஆவுடைத்தாயைப் பார்த்தேன். கிணற்றடியில் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். விரல்கள் உள்பக்கமாக மடங்கி நிமிராமல் நின்றன. உள்ளங்கையால் கத்தியை அழுத்திச் சீவினாள்.

"நீங்கதான் சாபம் போடுகிறவங்களா?" என்றேன்.

"அந்தச் சக்தி எனக்கிருந்தா இங்கன ஒருத்தரும் நடமாட மாட்டாவ ஐயா," என்று சொல்லிவிட்டு சாவித்ரி போன திசையைப் பார்த்தாள். "சோறு போடவா வந்திய?"

"ஆமாம்."

"அப்ப ஒரு காரியம் செய்யணும். விறகுப்புரையில மாடம்மா கெடக்கா. இந்தக் கெணத்தடியில வார்ப்புப் பாத்திரத்தைக் கழுவப் போயி வழுக்கி விழுந்தா. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். எனக்குச் சோறு போடாட்டாலும் சரி."

"எப்போது விழுந்தாள்?"

"மழைக்கு முந்தி."

அப்போது மழை பிடித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

ஆவுடைத்தாய் ராதாபுரத்துப் பக்கம். கல்யாணமான சூட்டோடு புருஷனுடன் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவள். இந்த ஊரில் அந்தஸ்தாக நிற்கிற பல மாடிகளுக்கு மண்ணும் செங்கல்லும் சுமந்திருக்கிறாள். அவற்றில் ஒரு மாடியிலிருந்து புருஷன் விழுந்தான். பிறகு சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் மாவாட்டும் வேலை. ஆட்டுரலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மாவு தள்ளிவிட்டவள் மாடம்மாள். ஒருத்தி குழவியைச் சுற்ற, மற்றவள் கையை நசுங்கவிடாமல் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். அப்படி எத்தனையோ வருஷம். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை, வீடு இல்லை, சண்டை மட்டும் உண்டு. கிரைண்டர் வந்தது. இவர்கள் கையும் அதே சமயம் மடங்கியது. ஹோட்டல் முதலாளி சதனத்துக் கமிட்டியில் இருந்தார். இருவரையும் ஒரே ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"நீங்களே யாரிடமும் சொல்லவில்லையா?"

"சொன்னேனே. சாவித்ரி கிட்டச் சொன்னேன், எண்ணெய் போட்டுத் தடவுன்னா. செக்ரட்டரி கிட்டச் சொன்னேன், ஆஸ்பத்திரியில ஆயிரம் கேப்பான், சதனத்துக்குப் பேரு கெடும்னாரு. சோறு போட வாறவுக கிட்டப் பேசப்படாது. அவுக கேக்க ஒரே கேள்வி திருப்தியான்னுதான். அதுக்கு மட்டும்தான் நான் வாயத் தொறக்கலாம். அதான் இல்லேன்னு சொன்னேன். ஏன்னு கேப்பாருன்னு நெனச்சேன். அவரு பாயாசத்தையில்லா ஊத்துதாரு."

சாவித்ரி திரும்பி வந்தாள். "அதுக்கு புத்தி ஸ்திரமில்லா சார். ஒண்ணும் கார்யமாக்கண்டா," என்று, கிழவி பேச்சைப் பொருட்படுத்த வேண்டாமென்ற பாவனையில் என்னை வாசல் பக்கம் திருப்பினாள்.

நான் நேரே நாகேஸ்வரனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "பாவம்தான். ஆனா அது கமிட்டி விஷயம் ஓய். நாம எப்படி உள்ள நுழையறது?" என்றார். நல்ல மனிதர். அடுத்தவர் கமிட்டியில் தலையிட மாட்டார்.

"அதுவும் சரி," என்று எழுந்தேன். "ஆனால் அன்றைக்கு அந்தக் கூரையின் கீழ் ஒருத்தி இலை போடாமல் கிடந்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு மற்றவர்களைத் திருப்தியா என்று கேட்டிருக்கிறீர். உம் அப்பா எந்த இலையில் வந்து உட்கார்ந்தாரோ, யார் கண்டது?"

அவர் ஊஞ்சலிலிருந்து இறங்கிப் பஞ்சாங்கத்தை எடுத்தார். அப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் வேலை செய்தது.

அந்த வாரமே மறுபடி அன்னதானம். நானும் கூடப் போனேன். கிழவிகள் பந்தியில் உட்கார்ந்ததும் நாகேஸ்வரன் கரண்டியும் தூக்குமாக எழுந்து, எல்லோருக்கும் தன் கையாலேயே பரிமாற வேண்டும் என்றார். செயலாளர் மகிழ்ந்தார். விறகுப்புரையில் இருப்பவளுக்கும் என்றதும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

"அங்க வேண்டாம் மாமா. வழுக்கும். சாவித்ரி கொண்டு குடுத்துடுவா."

"என் அப்பா அங்க பட்டினியா இருக்கார்டா," என்றார் நாகேஸ்வரன். செயலாளர் சாவித்ரியிடமிருந்து சாவியை வாங்கினார்.

பூட்டைத் திறந்தார்கள். முதலில் வாடைதான் வந்தது. கூரை ஒழுகி விறகெல்லாம் நனைந்திருந்தது. விறகுக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கில் மாடம்மாள் ஒருக்களித்துக் கிடந்தாள். மேலே இன்னொரு சாக்கு. அதற்கடியில் முதுகும் இடுப்பும் எப்படி இருந்தன என்பதை எழுதினால் படிக்கிறவர்கள் சாப்பிட முடியாது. அவள் கண் மட்டும் தெளிவாக இருந்தது. வாசலில் பூணூலும் கரண்டியுமாக ஓர் ஆள் நிற்பதைப் பார்த்ததும், பழக்கப்படுத்திய வாய் தானாகத் திறந்தது.

"வயிறு நெறஞ்சுது. திருப்தி."

நாகேஸ்வரன் கரண்டியைத் தூக்கில் விட்டார். அவர் கேட்க வந்த வார்த்தை கேட்காமலே கிடைத்துவிட்டது. ஒரு கணம் அவர் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். பந்தியிலிருந்து எழுந்து வந்திருந்த ஆவுடைத்தாய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள்:

"இன்னும் ஒரு பருக்கை அவ வாயில போகல சாமி. அதுக்குள்ள என்ன திருப்தி?"

அவர் தூக்கைக் கீழே வைத்தார். தெருவுக்குப் போய் ஒரு டாக்ஸியைக் கையோடு அழைத்துவந்தார். செயலாளர் "கமிட்டி கூடித்தான்" என்று ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை. டிரைவரும் நானும் சாக்கோடு தூக்கினோம். மடங்கிய கைகளால் தலையைப் பிடித்துக்கொண்டு ஆவுடைத்தாயும் ஏறினாள். வழியெல்லாம் மாடம்மாள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"பந்தியில பாதியில எந்திரிச்சு வந்துட்டியேட்டி. நாளைக்கு உனக்கு எலை போட மாட்டாவளே."

"நீ வாயப் பொத்திக்கிட்டு வா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, எங்களைத்தான் திட்டினார். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்போது சதனத்தில் இரண்டாம் பந்தி நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மாடம்மாளின் சேலை புண்ணோடு ஒட்டியிருந்தது, வெட்டித்தான் எடுத்தார்கள். மாற்றுத் துணி யாரிடமும் இல்லை. அடுத்த கட்டிலில் இருந்த பார்வதியம்மாள், விதுரா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவள், தன் பைக்குள்ளிருந்து துவைத்து மடித்த ஒரு முண்டு வேட்டியை எடுத்து நீட்டினாள்.

"தொவைச்சுத் தந்துருதேன்," என்றாள் ஆவுடைத்தாய்.

"சாவகாசம் மதி, மெல்லத் தந்தாப் போதும்," என்றாள் பார்வதியம்மாள்.

மாடம்மாளுக்கு அன்று மாலை கஞ்சி புகட்டினார்கள். பாதி இறங்கியது. மறுநாள் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. அதற்கடுத்த நாள் விடியும்போது உயிர் இல்லை. அந்த முண்டோடுதான் தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனோம். அவிழ்த்துவிட்டு எடுத்துப்போக வேறு துணி வேண்டுமே.

சுடுகாட்டிலிருந்து ஆவுடைத்தாய் சதனத்துக்கே திரும்பினாள். வேறு எங்கே போவாள்? என் வீட்டுக்கு வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை, நாகேஸ்வரனும் சொல்லவில்லை. வாசலில் செயலாளர் அவளை மரியாதையாகவே உள்ளே அழைத்துக்கொண்டார்.

நான் இதையெல்லாம் பெயர்களை மாற்றி, பத்திரிகையில் வருகிற என் பத்தியில் எழுதினேன். கமிட்டியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததாகவும், நல்ல தமாஷ் என்றும் அனந்தபத்மநாபனே என்னை வழியில் நிறுத்திச் சொன்னார். பிறகு ஒரு நாள் மாமனாரை இரண்டாம் முறை சாகடித்துவிட்டு விருந்து போடப் போனேன். பந்தியில் ஆவுடைத்தாய் இல்லை. விருந்து போடுகிறவர்கள் கூடத்துக்கு வெளியே ஜன்னலருகே நின்று பார்த்தால் போதும் என்று புதிய ஏற்பாடு செய்திருந்தார்கள். திருப்தியா என்று நான் கேட்டதற்கு ஒரே குரலில் பதில் வந்தது.

"ஆவுடைத்தாய் எங்கே?"

"அவளுக்கு ஓய்வு குடுத்திருக்கு," என்றார் செயலாளர். சாவித்ரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "விறகுப்புரை ஒழிஞ்சு கிடந்ததல்லே சார்."

பார்க்க முடியாது என்றார்கள். நாகேஸ்வரனிடம் ஓடினேன். அவர் அந்த வருஷத்திலிருந்து அன்னதானத்தை வேறொரு இல்லத்துக்கு மாற்றியிருந்தார். அங்கே எல்லோரும் சந்தோஷமாகத் திருப்தி என்கிறார்களாம். போலீஸில் சொன்னேன். விசாரித்துவிட்டு, முதியோர் எல்லோரும் திருப்தியாக இருப்பதாகச் சொன்னதாகச் சொன்னார்கள்.

கடைசியில் சாலைக் கடைத்தெருவில் ஒரு புது முண்டு வாங்கிக்கொண்டு விதுராவுக்கு பஸ் ஏறினேன். அந்தக் கடனையாவது தீர்க்கலாம் என்று. பார்வதியம்மாள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாடம்மாள் போனது அவள் பார்த்திருந்ததுதான். மற்றதைச் சொன்னேன். முண்டை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"கடம் வாங்கினது நீங்களில்லையல்லோ சாரே. அந்தம்மை தானே வந்து தரட்டும்."

"அவளை வெளியே விடமாட்டேன் என்கிறார்கள்."

"அதான் சொல்லுதேன். போய்ச் சொல்லுங்க, பார்வதிக்கு ஒரு முண்டு வரணும், ஆளு நேர்ல வந்தாத்தான் வாங்குவேன்னு. கடம் வெச்ச ஆளைப் பூட்டி வெக்க அவங்களுக்கு என்ன அதிகாரம்?"

போய்ச் சொன்னேன். இதுவரை மூன்று செயலாளர்களிடம் சொல்லியாகிவிட்டது. விறகுப்புரையில் இப்போது யார் இருக்கிறார்கள், ஆவுடைத்தாய் இருக்கிறாளா என்பதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. முண்டு கடைக்காரன் மடித்துக் கொடுத்த மடிப்பிலேயே என் அலமாரியில் இருக்கிறது. பார்வதியம்மாளுக்கு இன்னும் அது போய்ச் சேரவில்லை.