ராணியைக் கொடுத்தது யார்

அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் பதினாறு வருஷமாகப் புத்தகங்களுக்குக் கம்பிப் பின் அடித்ததில் அவளுக்குப் பின்னக்கா என்றே பெயர் ஆகிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் அவள் செஸ் பலகையை விரித்தால் ஆண்கள் ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவுவார்கள். தோற்றவரைச் சும்மா விடமாட்டாள். எங்கே கோட்டைவிட்டார் என்று சாயங்காலம் வரை சொல்லிக்காட்டுவாள்.

ஊழியர் போட்டியின் கடைசி ஆட்டத்தில் மேலாளரோடு மோதினாள். அவருக்கு வெள்ளை, இவளுக்குக் கருப்பு. இருபத்தாறாவது நகர்த்தலில் தன் ராணியையே வெட்டக் கொடுத்தாள். அவர் ஆசையாக எடுத்துக்கொண்டார். அடுத்த மூன்றே நகர்த்தலில் அவருடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. ஆட்டத்தை எழுதிய தாளில், முகம் கொடுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம் நிறுவனத்தின் செய்திமலர் பின் அடிக்க அவள் மேசைக்கு வந்தது. நானூறு பிரதி. கடைசிப் பக்கத்தில் அந்த ஆட்டம் முழுசாக இருந்தது. கருப்புக்கு நேராக மேலாளர் பெயர், வெள்ளைக்கு நேராக இவள் பெயர். கீழே, "ராணியைத் தியாகம் செய்து மேலாளர் அபார வெற்றி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கம் அமைப்பவனிடம் போய் நின்றாள்.

"யாருடா மாத்துனது?"

"அக்கா, என்னை இதுல இழுக்காதீங்க. சாரே அடிச்சுத் தந்தாரு, அப்படியே போட்டேன்."

நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

"விளையாட்டுதானேம்மா," என்றார் அவர். "இதையெல்லாம் யாரு படிக்கப்போறாங்க?"

"யாரும் படிக்கமாட்டாங்கன்னா எதுக்கு சார் மாத்துனீங்க?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்க ஆட்டம்தானே. ராணியை ஏன் கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "அச்சுப்பிழைன்னு வச்சுக்கோ. அடுத்த இதழ்ல பார்க்கலாம்."

"பிழைன்னா இப்பவே திருத்திடலாம் சார்."

மேசைக்குத் திரும்பி சிவப்புப் பேனாவை எடுத்தாள். பிரதி பிரதியாகப் பெயர்களையும் கீழே இருந்த வரியையும் அடித்து மாற்றி எழுதினாள். பக்கத்து மேசைக்காரி, "ஏண்டி, இருக்கிற வேலைக்கு உலை வச்சுக்கிறே?" என்றாள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலாளர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். அவர் அன்று கையெழுத்துப் போட்ட ஆட்டத்தாளை அவள் அடுக்கின் மேலேயே வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்.

நானூறும் சிவப்பு மையோடுதான் வெளியே போயின. "சாதிச்சிட்டீங்களேக்கா" என்று ஒருவன் சொன்னதற்கு எரிந்து விழுந்தாள். "ஜெயிச்சவ நான். அதை நானே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்துச்சு. இதுல என்னடா சாதனை?"

அடுத்த வருஷம், வேலைப்பளுவால் போட்டி இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவள் அதைக் கிழித்தெறிந்துவிட்டுச் சாப்பாட்டு அறையில் பலகையை விரித்தாள். முதலில் வந்து உட்கார்ந்தவன் பக்கம் அமைப்பவன். பதினெட்டே நகர்த்தலில் அவனை ஒழித்துக்கட்டினாள்.