அண்ணியும் அரை வயதும்

லிஃப்டில் மேல்மாடிக்காரர் தன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்கிறார். எண்பத்திரண்டு வயது, மூச்சுத் திணறல். "அடடா" என்று உச்சுக்கொட்டிவிட்டு, "எண்பத்திரண்டு முடிஞ்சு எத்தனை மாசம் ஆகுது?" என்று கேட்கிறார் என் அண்ணி. மேல்மாடிக்காரர் மூன்றாவது மாடியிலேயே இறங்கிக்கொள்கிறார். அவர் வீடு இருப்பது ஆறாவதில்.

யார் வயது சொன்னாலும் அண்ணிக்கு மாதமும் வேண்டும். கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி. அவர் ஒரு ஆக்சுவரி. எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்குப் போட்டு, காப்பீட்டுக்கும் பென்ஷனுக்கும் அட்டவணை தயாரிக்கிற தொழில். அக்கம்பக்கத்தாருக்கு இதெல்லாம் புரியாது. பாலிசி எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்து அவரைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஐம்பத்தேழு வயது, நான்கு மாதம். கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்க மாட்டார். சினிமாவுக்குப் போனால் வாசலோர இருக்கைதான். கைப்பையில் எப்போதும் இரண்டு கால்குலேட்டர். "ஒண்ணு ரிப்பேராகலாம். ரெண்டும் ஒண்ணா ரிப்பேராக வாய்ப்பு ரொம்பக் கம்மி." ஆனால் காபியில் மட்டும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. கேட்டால், "கணக்குப் பாத்துட்டேன், கட்டுப்படியாகுது" என்பார். நான் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

இந்த அண்ணி தன் தொழில்காரர்களின் சங்கத்துக்குத் தலைவராக இரண்டு முறை நின்று தோற்றவர். மூன்றாவது முறைதான் கடைசி. அதற்குமேல் நிற்க விதி இடம் தராது. பதவி ஆசை என்று என் அண்ணனே கேலி செய்வான். அது இல்லை. ஆக்சுவரி ஆவதற்கான பரீட்சைகளை அண்ணி பதினொரு வருஷம் எழுதினார், இடுப்பில் குழந்தையும் கையில் புத்தகமுமாக. கூட எழுதியவர்களில் பாதிப் பேர் நடுவழியில் நின்றுபோனார்கள். "பத்து பேப்பர் பாஸ் பண்ணினவங்க கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லன்னா என்ன நியாயம்? அதுவரைக்கும் படிச்சதுக்கு ஒரு சான்றிதழ் குடுக்கணும். தலைவரானா முதல் வேலை அதுதான்."

இந்த முறை வாக்காளர் பட்டியலையே அட்டவணை ஆக்கிவிட்டார். வரப்போகும் இருநூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கும் பென்சிலால் ஆளுக்கொரு வாய்ப்பு. இவருக்குப் பத்துக்கு ஏழு, அவருக்குப் பத்துக்கு மூன்று. முப்பது வருஷத் தோழிக்குக்கூடப் பத்துக்கு ஐந்துதான். "அவளுக்கு முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல வராது. அதனால அவ சரின்னு சொன்னதை நான் பாதிதான் எடுத்துக்குவேன்." கூட்டிப் பார்த்தால் நூற்றைம்பத்து நான்கு ஓட்டு. "ஜெயிக்கிறோம். ஆனா சத்தமா மூச்சுகூட விடக் கூடாது" என்றார்.

சனிக்கிழமை தேர்தல். வியாழக்கிழமை சாயங்காலம் நான் என் பென்ஷன் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்து படுத்திருக்கக் கூடாதா!

"அண்ணி, வயசுன்னு கேக்கறான். என்ன போட?"

"கிட்ட இருக்கிற பிறந்தநாளுக்கு என்ன வயசோ அதைப் போடு. ஏழு மாசம் ஆயிடுச்சுல்ல, அடுத்த வயசுதான்."

"இல்லையே. பூர்த்தியான வயசுன்னு போட்டிருக்கு."

அண்ணி காபியைக் கீழே வைத்தார். படிவத்தை வாங்கி, முதலில் அதை அனுப்பிய பென்ஷன் கம்பெனியின் பெயரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். சங்கம் புதிதாக ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தது. அதைத் தயாரித்த குழுவுக்கு அண்ணிதான் தலைவர். எல்லாக் கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளர்களின் வயதைக் கிட்டிய பிறந்தநாள்படி தர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஒரு கம்பெனி மட்டும், அறுபது முடிந்து பதினொரு மாதம் ஆனவரையும் அறுபது என்றே எழுதித் தந்திருக்கிறது. ஆகவே அறுபத்தொன்றை நெருங்கியவர்களின் சாவும் அறுபதில் சேர்ந்து, அறுபது வயதில் இறப்பவர்கள் உள்ளதைவிட அதிகமாகத் தெரிகிறார்கள். சீக்கிரம் போய்விடுவார்கள் என்று நம்பிக் கம்பெனிகள் பென்ஷனுக்குக் குறைவாகப் பணம் எடுத்துவைக்கும். பென்ஷன் வாங்குபவர்களோ சாவகாசமாக உயிரோடு இருப்பார்கள். கடைசியில் கை கடிக்கும். அடுத்த மாதம் முதல் எல்லோரும் இந்த அட்டவணையைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள்.

லிஃப்டில் போகிறவரையெல்லாம் நிறுத்தி மாதம் கேட்கிற மனுஷி, அந்த ஒரு கம்பெனியைக் கேட்காமல் விட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அலுவலகத்தில் மூலத் தாள்களைப் புரட்டினார். சந்தேகமே இல்லை, தப்புதான். நான் கெஞ்சினேன். "அண்ணி, ரெண்டே ரெண்டு நாள். ஜெயிச்சுட்டு திங்கக்கிழமை சொல்லுங்க. அதுக்குள்ள யாரு செத்துடப் போறா?"

"அதைத்தானே அந்த அட்டவணை சொல்லுது" என்றார். சிரிக்கவில்லை. "தெரிஞ்சுகிட்டு ஓட்டுப் போடட்டும்."

"அந்தப் பத்துப் பேப்பர்காரங்க என்ன ஆவாங்க?"

அண்ணி பட்டியலை எடுத்து, வாய்ப்புகளை ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்து, புதிதாக எழுத ஆரம்பித்தார். தோழியின் பேரில் ரப்பர் கொஞ்ச நேரம் நின்றது. கூட்டினார். நூற்று நாற்பத்தொன்று. பட்டியலை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை அரங்கில் நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். எதிர்த்து நின்றவர் ஒரு பெரிய கம்பெனிக்காரர். அவரை அயோக்கியர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். அடுத்து அண்ணி. கையில் தாள் இல்லை.

"நம்ம புது அட்டவணையில தப்பு இருக்கு. குழுவுக்குத் தலைவர் நான். கேக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேக்காம விட்டது நான்தான். அட்டவணையைத் திரும்ப வாங்கணும். இதைத் தெரிஞ்சுகிட்டு ஓட்டுப் போடுங்க."

என் ஸ்டாப்வாட்சில் ஐம்பது வினாடிகூட ஆகவில்லை. மீதி நேரத்தில் சான்றிதழைப் பற்றியாவது பேசியிருக்கலாம். பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒருத்தரும் கைதட்டவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த தோழி பக்கத்திலிருந்தவரிடம், "தைரியம்தான், யாரு இல்லன்னா? ஆனா தலைவரா வரப்போறவ இப்படியா கோட்டை விடுவா?" என்றாள். எழுந்து போய் அவள் நாற்காலியை ஆட்டலாம் போலிருந்தது எனக்கு.

ஓட்டு எண்ணிக்கையைப் பலகையில் ஐந்தைந்து கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். பாதிவரைக்கும் சரிசமம். நான் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் ஒரு கட்டு முந்தியது. முந்தியது முந்தியதுதான். அவருக்கு நூற்று நாற்பத்தொன்பது, அண்ணிக்கு நூற்று நாற்பத்திரண்டு.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"நான் போட்ட கணக்குக்கு மேல ஒண்ணு கூட வந்திருக்கு" என்றார் அண்ணி. "யாருன்னுதான் தெரியல."

கையை விடுவித்துக்கொண்டு கைப்பையைத் திறந்தார். உள்ளே வெள்ளிக்கிழமையே அடித்துவைத்த ஒற்றைத் தாள். அட்டவணை இன்று முதல் திரும்பப் பெறப்படுகிறது என்று நான்கு வரி. அடியில் 'தலைவர்' என்று மட்டும் இருந்தது, அதன்மேல் பெயர் இல்லை.

புதுத் தலைவரைச் சுற்றிக் கூட்டம். மாலை ஒரு கையில், பூங்கொத்து ஒரு கையில். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். வாழ்த்துச் சொன்னார். பூங்கொத்தை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். தாளை மேஜைமேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.